வேப்பிலை கட்டிய வீட்டில் மாத்திரை

அரும்பாவூர்
20.11.1983

அன்புள்ள அக்கா உண்ணாமலைக்கு, உன் தங்கை அம்சவள்ளி எழுதுவது.

மெட்ராஸிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். இங்கே நான், கண்ணகி, அவள் அப்பா, அத்தை எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவுக்குக் குட்ஸ் ஷெட்டில் வேலை குறைந்ததா, இல்லை அப்படியேதானா?

ஆபரேஷன் எப்படி நடந்தது என்று நீ கேட்பாய். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம், பிட்யூட்டரி என்று பெயர். அதில் முளைத்த கட்டிதான் இந்த நாலு வருஷமாக என்னை ஊதவைத்து, முகத்தில் மீசை முளைக்கவைத்து, வயிறெல்லாம் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. அதை மூக்கு வழியாகவே எடுத்துவிட்டார்கள். தலையை மொட்டை அடித்துவிடுவார்கள் என்று நீ அழுதாயே, ஒரு முடிகூடப் போகவில்லை.

முகம் வற்றிக்கொண்டே வருகிறது. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. முன்பு, "நல்லா பூசுனாப்ல இருக்கியே, செல்லதுரை நல்லா வச்சிருக்கான்"னு சொன்ன அதே வாய், இப்போது, "என்னா இப்புடி வத்திட்ட, சர்க்கரையா?" என்கிறது. வியாதியாக இருந்தபோது செழிப்பு என்றார்கள், குணமானதும் வியாதி என்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கண்ணகிதான் இரண்டு நாள் கிட்டே வரவில்லை. அவளுக்கு நினைவு தெரிந்ததிலிருந்து என்னை ஊதின முகத்தோடுதானே பார்த்திருக்கிறாள். மூன்றாம் நாள் சுவரிலிருந்த கல்யாண போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ அதுலேருந்து வந்துட்டியா?"ன்னு கேட்டாள்.

டாக்டரம்மா ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். அந்தச் சுரப்பி இனிமேல் பழையபடி வேலை செய்யாதாம். அதனால் காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் பாதி, ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும். ஒருநாள்கூட விடக்கூடாது, விட்டால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்காகப் போட வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெங்காயம் நட்டாயிற்று. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அம்சா


அரியலூர்
3.12.1983

அடி அம்சா,

உன் கடிதத்தைச் சத்துணவுக் கூடத்தில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டே படித்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டதற்கு நீதான் பொறுப்பு.

நாங்கள் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். என் முழங்காலை விடு, அது எங்கேயும் ஓடிப்போகாது. உன் மாமாவுக்கு இருமல், பீடியை விட்டால் இருமலும் விடும், அதைச் சொன்னால் எனக்குத்தான் வாய் நீளமாம்.

ஊர்க்கதையெல்லாம் எழுதியிருக்கிறாய். உன் உடம்பைப் பற்றி எழுதச் சொன்னால் "சுகம்" என்று ஒரே சொல். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? காலையில் எழுந்திருக்க முடிகிறதா? தண்ணீர்க்குடம் யார் தூக்குகிறார்கள்? உன் மாமியார் உன்னைப் படுக்க விடுகிறாரா? இதையெல்லாம் எழுது. உன் கையெழுத்து வரிக்கு வரி கீழே இறங்கிக்கொண்டே போகிறது, கடைசி வரி காகிதத்தை விட்டே வெளியே போகப் பார்க்கிறது. என்னை ஏமாற்ற நினைக்காதே, உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான்.

மாத்திரை விஷயத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். "ஆயுளுக்குமா?" என்றார். "ஆமாம், ஆயுள் வேணும்னா" என்றேன்.

கண்ணகியைக் கேட்டதாகச் சொல். சம்மந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

உண்ணாமலை


அரும்பாவூர்
20.1.1984

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டாதே. பொங்கல் நல்லபடியாக முடிந்தது. அத்தைக்கு லேசாக நெஞ்சுச் சளி, கண்ணகிக்கு ஒரு பல் விழுந்தது, அவள் அப்பா சுகம். நீங்கள் எல்லோரும் சுகந்தானே?

நீ கேட்டதற்கு எழுதுகிறேன். காலையில் எழுந்திருக்க முடிகிறது, ஆனால் எழுந்தவுடனே திரும்பப் படுக்க வேண்டும்போல இருக்கிறது. மூட்டெல்லாம் வலி. தோல் உரிகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வருகிறது, எதற்கென்றால் எனக்கே தெரியவில்லை. அந்தக் கல்யாண போட்டோவில் இருக்கிற முகம் வந்துவிட்டது, அக்கா. அவளுடைய பலம்தான் கூட வரவில்லை.

வெங்காயம் பிடுங்கிப் போட்டார்கள். எல்லாப் பெண்களோடும் நானும் தாள் அறுக்க உட்கார்ந்தேன். ஒரு கூடைகூட ஆகவில்லை, கை நடுங்கி அரிவாளைக் கீழே வைத்துவிட்டேன். அத்தை ஒன்றும் திட்டவில்லை. "ஆபரேஷன்தான் ஆயிருச்சுல்ல? கட்டியத்தான் எடுத்துட்டாங்கல்ல? இன்னும் என்னாத்துக்கு?" என்று மட்டும் கேட்டார். வைது கேட்டால் பதில் சொல்லலாம். புரியாமல்தான் கேட்டார். காலொடிந்தவள் என்றால் கட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். என்னிடம் பார்க்க என்ன இருக்கிறது?

மாத்திரையை எடுக்கும்போதெல்லாம், "இன்னுமா முழுங்கற? ஓயாம மருந்தத் தின்னா ஒடம்பு என்னாத்துக்கு ஆவும்?" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். அதனால் இப்போது மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் ஒருவரும் பார்க்காமல் விழுங்கிவிட்டு வருகிறேன். ரோதனை விட்டது.

இன்னொரு பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று அத்தை அடிக்கடி சொல்கிறார். அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

மாமாவின் இருமலுக்கு ஆடாதொடை போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு.

அம்சா


அரியலூர்
29.1.1984

அம்சாவுக்கு அக்காவின் ஆசி. இங்கே ஒரு குறையும் இல்லை, உன் கடிதம் வரும்வரை.

ஒளித்துச் சாப்பிடுவதற்கு அது என்ன திருட்டு வெல்லமா? நீ செத்துப்போகாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரையை மாட்டுச் சாணிக்கு நடுவில் போய் நின்று சாப்பிடுகிறாயா? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இப்போதே பஸ் ஏறியிருப்பேன், அடுப்பை யாரிடம் விட்டுவிட்டு வருவது? உன் புருஷன் வாயில் என்ன கொழுக்கட்டையா? அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லச் சொல்.

இல்லையென்றால் நான் சொல்கிறேன். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்கு வருகிறேன். நீயும் உன் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வா. சாமி கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து, சண்டை போடாமல், நல்ல வார்த்தையாகவே எடுத்துச் சொல்கிறேன். எனக்கும் நல்ல வார்த்தை பேசத் தெரியும், சிரிக்காதே.

நேரில் பேச வேண்டியது என்னவென்று யோசித்துப் பார்த்தேன். சரி, நேரிலேயே சொல்.

உண்ணாமலை


அரும்பாவூர்
17.2.1984

அக்காவுக்கு,

சிறுவாச்சூருக்கு வர முடியாது. கண்ணகிக்கு அம்மை போட்டிருக்கிறது. முதலில் முகத்தில் இரண்டு முத்து, மறுநாள் முதுகெல்லாம். நல்ல காய்ச்சல். அத்தை உடனே வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். அடுப்பில் தாளிப்பு இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை, மருந்து மாத்திரை என்ற பேச்சே வீட்டுக்குள் கூடாது. இளநீரும் மோரும்தான் கொடுக்கிறோம். பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடக்கிறாள், பார்க்கச் சகிக்கவில்லை.

யாரும் இங்கே வர வேண்டாம். நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறவள். எனக்குத்தான் சின்ன வயதிலேயே போட்டுவிட்டதே, உனக்கும் அப்போதே போட்டது, பயமில்லை. தண்ணீர் ஊற்றுகிறவரை கடிதம் எழுத மாட்டேன், தேடாதே. எதிர்வீட்டு வீரம்மாளிடம் இதை எட்ட நின்று கொடுத்துப் போடச் சொல்கிறேன்.

ஆத்தாளை வேண்டிக்கொள்.

அம்சா


அரியலூர்
21.2.1984

அன்புள்ள அம்சாவுக்கு,

கடிதம் கண்டு மனசு கேட்கவில்லை. குழந்தைக்குச் சீக்கிரம் இறங்கிவிடும், பயப்படாதே. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவு. சொறிய விடாதே, தழும்பாகிவிடும், பெண்பிள்ளை. மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிறவரை வெயிலில் விடாதே. இங்கே மாரியம்மன் கோயிலில் கண்ணகி பேருக்கு மாவிளக்கு போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். மாமாவும் பிள்ளைகளும் சுகம்.

தண்ணீர் ஊற்றியதும் ஒரு கார்டு போட்டுவிடு.

உண்ணாமலை

அம்சா, மேலே உள்ளதை எழுதி மடித்து வைத்துவிட்டு, உன் கடிதத்தைத் திரும்ப ஒருமுறை எடுத்துப் படித்தேன். மருந்து மாத்திரை என்ற பேச்சே வீட்டுக்குள் கூடாது என்று எழுதியிருக்கிறாயே. அது கண்ணகிக்குத்தானே? உன் மாத்திரையைச் சாப்பிடுகிறாய் அல்லவா? இந்தக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் எழுது. வழக்கமாவது ஒன்றாவது. யாரிடமாவது எட்ட நின்று கொடு. ஆம், இல்லை என்று ஒரு சொல் போதும்.


பெரம்பலூர் அரசு ஆஸ்பத்திரி
25.2.1984

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு செல்லதுரை வணக்கத்துடன் எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுக்கவும். அம்சாவை இங்கே சேர்த்திருக்கிறோம். இப்போது பயமில்லை.

நாலைந்து நாளாகவே சோறு இறங்கவில்லை என்றாள், வாந்தி எடுத்தாள். கண்ணகிக்குக் கண்விழித்து அசந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். நேற்றுக் காலையில் மாட்டுக்கொட்டகையில் விழுந்து கிடந்தாள். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், நாக்குக் குழறுகிறது, கை காலெல்லாம் சில்லிட்டுவிட்டது. வாடகைக் கார் பிடித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். வேப்பிலை கட்டின வீட்டிலிருந்து யாரும் ஊர் தாண்டக்கூடாது என்று சொல்கிற அம்மா, வாசலில் நின்று பார்த்தது, தடுக்கவில்லை.

இங்கே டாக்டரிடம் மெட்ராஸ் ஆபரேஷனைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "மாத்திரை விடாம சாப்பிட்டாங்களா?" என்றார். சாப்பிடுகிறாள் சார் என்றேன். அப்படித்தான் அண்ணி நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி போட்டு, பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். சாயங்காலம் கண்விழித்து, கண்ணகி சாப்பிட்டாளா என்று கேட்டாள். அப்புறந்தான் எனக்கு மூச்சு வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார்.

முடிந்தால் வந்து பார்க்கவும். மாத்திரையைப் பற்றிக் கேட்டால் அவள் என்னிடம் பேச மறுக்கிறாள். அண்ணனிடமும் சொல்லவும்.

செல்லதுரை


அரியலூர்
5.3.1984

அம்சா,

வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். இப்போது தலை சுற்றல் இல்லையே? ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் முன்னால் பேச வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். என் ஆயுசில் நான் வாயைக் கட்டியது அதுதான் முதல் தடவை.

உன் மாமியார்தானே உன் மாத்திரையை எடுத்து ஒளித்து வைத்தது? நான் கேட்டபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். எனக்குத் தெரியாதா? அந்த அம்மாள் பக்தி என்னவாவது ஆகட்டும், உன் உயிரை வைத்தா பக்தி? அங்கே உன்னை விட்டுவைக்க எனக்கு மனசில்லை. துணிமணியை எடுத்துக்கொண்டு, கண்ணகியையும் கூட்டிக்கொண்டு, இங்கே வந்துவிடு. மாமாவும் அதைத்தான் சொல்கிறார். அவரே பின்கட்டு அறையைச் சுத்தம் பண்ணி வைத்துவிட்டார், இருமிக்கொண்டே. இங்கே நீ நடுக்கூடத்தில் உட்கார்ந்து மாத்திரை சாப்பிடலாம், ஒரு பயல் கேட்க மாட்டான்.

எப்போது வருகிறாய் என்று எழுது. வருகிறாயா என்று நான் கேட்கவில்லை.

உண்ணாமலை


அரும்பாவூர்
12.3.1984

அன்புள்ள அக்கா,

ஆஸ்பத்திரியில் இரண்டு மடங்காகப் போடச் சொன்ன மாத்திரையை இப்போது பழைய அளவுக்குக் குறைத்தாயிற்று. எழுந்து நடமாடுகிறேன். கண்ணகிக்கு மூன்றாம் தண்ணீரும் ஊற்றிவிட்டோம், பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கிறாள். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

என் மாத்திரையை யாரும் ஒளித்து வைக்கவில்லை. நானேதான் நிறுத்தினேன். அத்தைக்குத் தெரியவே தெரியாது. நான் அதைச் சாப்பிடுவதே ஒருவருக்கும் தெரியாமல்தானே? நிறுத்தியதும் அப்படியே தெரியாமல் போயிற்று.

ஏன் என்று திட்டுவாய். முதல்நாள் காலையில் மாத்திரையைக் கையில் எடுத்தேன். உள்ளே கண்ணகி "அம்மா, எரியுது"ன்னு அனத்தினாள். ஆத்தா வந்து இறங்கியிருக்கிற வீட்டில் நான் மருந்தை வாயில் போட்டு, அவளுக்குக் கோபம் வந்து, பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்? டாக்டரம்மா சொன்னது மறந்துபோகவில்லை. என் உயிருக்கு ஆபத்து என்றுதானே சொன்னார், கண்ணகி உயிருக்கு என்று சொல்லவில்லையே. நாலு நாள் தாங்கமாட்டேனா என்று நினைத்துவிட்டேன்.

நேரில் சொல்வதாக எழுதினேன் அல்லவா, அதை இப்போதே எழுதிவிடுகிறேன். எனக்கு விலக்கு வருவது நின்று வெகுநாள் ஆகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு திரும்ப வரும் என்று இருந்தேன். வரவில்லை, இனிமேல் வருவது சந்தேகம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்குக் கண்ணகி ஒருத்திதான், அக்கா. இவ்வளவுதான். இதை நான் அத்தையிடம் சொல்லவில்லை, இவரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்த ஒரு பிள்ளையைப் பணயம் வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

அரியலூருக்கு வருவதைப் பற்றி யோசித்து எழுதுகிறேன். வரக்கூடாது என்று இல்லை.

அம்சா

கடிதத்தை ஒட்டப்போகும்போது இதைச் சேர்க்கிறேன். நேற்றிலிருந்து கண்ணகி அப்பாவுக்குக் காய்ச்சல். இப்போது மார்பில் முத்து கண்டிருக்கிறது. பெரியவர்களுக்குப் போட்டால் கடுமையாக இருக்கும் என்கிறார்கள். அத்தை வேப்பிலை ஒடிக்கப் போயிருக்கிறார்.


அரியலூர்
15.3.1984

அம்சா,

தந்தி கொடுத்திருக்கிறேன், கிடைத்ததா? நீ எழுதியதைப் படித்துவிட்டு எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மற்றதையெல்லாம் அப்புறம் அழுதுகொள்ளலாம். மாத்திரையைச் சாப்பிடுகிறாயா? நீ கண்ணகிக்காக நிறுத்தியவள், புருஷனுக்காக நிறுத்தமாட்டாய் என்று என்ன நிச்சயம்? அதுவும் உன் மாமியாருக்கு ஒரே பிள்ளை. இந்தத் தடவை நீ நிறுத்தாவிட்டாலும் அந்த அம்மாள் நிறுத்திவிடும். பெற்ற வயிறு, அதைக் குற்றம் சொல்லவும் என்னால் முடியவில்லை. அதனால்தான் பயப்படுகிறேன்.

வழக்கத்தைப் பற்றிக் கவலைப்படாமல் கிளம்பி வா. வராவிட்டால் நான் வருகிறேன்.

உண்ணாமலை


அரும்பாவூர்
19.3.1984

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உன் மனசு ஆறட்டும் என்று அதை முதலில் எழுதிவிட்டேன். கண்ணகியும் அத்தையும் சுகம். இவருக்குத்தான் உடம்பு முழுக்க முத்து, உள்நாக்குவரை போட்டிருக்கிறது, தண்ணீர்கூட இறங்கவில்லை. மாமாவும் பிள்ளைகளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும்.

உன் தந்தி வந்த அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. தந்தி என்றாலே சாவுச் செய்திதானே, அரியலூரில் மாமாதான் போய்விட்டார் என்று வீரம்மாள் ஒப்பாரிக்கே தயாராகிவிட்டார். மாமாவிடம் சொல்லாதே. அம்மை வீட்டிலிருந்து கடிதம் போகக்கூடாது என்பது உனக்குத் தெரியும். இதை எழுதச் சொன்னது அத்தைதான். "ஒங்கக்கா அங்க பயந்துகிட்டு கெடக்கும், எழுதிப் போடு" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். வேப்பிலை கட்டிய மறுநாள் காலை. இந்தத் தடவை நிறுத்துவதில்லை என்று நான் தீர்மானமாகத்தான் இருந்தேன். ஆனால் அத்தைக்கு எதிரில் நின்று சாப்பிடத் தைரியம் இல்லை. மாத்திரையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தேன். அத்தை உள்ளே இவர் தலைமாட்டில் வேப்பிலைச் சொம்பு வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி போற?"

"மாட்டுக்குத் தண்ணி காட்ட."

"கையில என்னா?"

திறந்து காட்டினேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே இப்படி ஒரு நாள் வந்தால் என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்ததை மளமளவென்று சொன்னேன். "அத்தை, இது மருந்து இல்ல. ஒடம்பு தானா சுரக்க வேண்டியது என் ஒடம்புல சுரக்கறதில்ல. அதத்தான் வெளியேருந்து போடுறோம். காலையில ஒண்ணு, சாயந்தரம் பாதி, சோறு மாதிரின்னு வச்சுக்குங்க. போன தடவ தெரியாம நிறுத்துனதுலதான் கொட்டகையில விழுந்து கெடந்தேன்."

"டாக்டரு குடுத்ததுதான?"

"ஆமாங்க."

"அப்ப மருந்துதான். ஆத்தாகிட்டயே போயி மருந்து இல்லன்னு பொய் சொல்லச் சொல்றியா? அவளுக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அத்தை, "குடு இப்புடி"ன்னு என் கையிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு இவர் தலைமாட்டுக்குப் போனார். சொம்புக்கு முன்னால் நின்றார். பிறகு பேசினார், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிறாப்போல சாதாரணமாகத்தான் பேசினார்.

"ஆத்தா, வந்திருக்க. இது ஒன் வூடு, இரு. ஒன் வழக்கம் எனக்குத் தெரியும், நான் ஒருநாளும் மீறுனதில்ல. இது மருந்துதான். தெரிஞ்சேதான் இவளுக்குக் குடுக்கறேன். இது இல்லன்னா இவ செத்துருவா, எம்பேத்திக்கு ஆயி இருக்க மாட்டா. குத்தம்னா என்னையக் கேளு. எம்மவன விட்ரு."

பாயில் படுத்திருந்த இவர் கண்ணை மூடியபடியே அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

அத்தை திரும்பி என்னிடம் வந்தார். "வாயத் தொற" என்றார். சின்னப் பிள்ளைக்குப் போடுவதுபோல நாக்கில் போட்டார், தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தார். "ஒளிச்சுத் தின்ன, ஒளிச்சு நிறுத்துன. இனிமே நடு வூட்ல நின்னு சாப்புடு" என்றார். நான் அழுதேன், அக்கா. அழுதுகொண்டே மற்றதையும் சொல்லிவிட்டேன், இன்னொரு பேரப்பிள்ளை இல்லை என்பதையும், பழையபடி கூடை தூக்குகிறவளாக நான் இனி ஆகமாட்டேன் என்பதையும். அத்தை அடுப்படிக்குப் போனார். மோர் கரைத்தார், இவர் வாயில் ஸ்பூனால் விட்டுப் பார்த்தார். அப்புறம், "சாயந்தரம் பாதின்னியே, அது எப்ப?" என்று கேட்டார்.

விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. வீரம்மாள் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றபடி, "மருந்து எடுக்கற வூட்ல அம்மா கோவிச்சுக்குவாளேம்மா"ன்னு ஆரம்பித்தார். "கோவிச்சா என்னைய கோவிச்சுக்கறா, நீ ஒன் வேலையப் பாரு" என்று அத்தை கதவைச் சாத்திவிட்டார். தெருவுக்குத்தான் அந்த வாய். உள்ளே வந்து சொம்புக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. மூன்று வேளையும் மோர்தான் குடிக்கிறார். இவர் முனகும்போதெல்லாம் அத்தை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உன்னைப்போல, என்னைப்போல இல்லை அத்தை. ஆத்தா கேட்பாள் என்று முழுசாக நம்புகிறவர். அப்படி நம்பிக்கொண்டுதான் கொடுக்கிறார்.

நான் அரியலூர் வரவில்லை, அக்கா. பின்கட்டு அறையைச் சுத்தம் பண்ணிய மாமாவுக்கு என் நமஸ்காரம். நீயும் இப்போது வர வேண்டாம்.

முத்து இன்னும் இறங்கவில்லை. முதல் தண்ணீர் எப்போது என்று அத்தை இதுவரை சொல்லவில்லை. ராத்திரி பூராவும் இவருக்குக் காய்ச்சல் கொதித்தது, விடியும்போதும் தணியவில்லை. இன்று காலையும் அத்தை சொம்புக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டு, மாத்திரையை எடுத்துவந்து என் வாயில் போட்டார்.

அம்சவள்ளி